ஃபில்டர் தண்ணீர் சுத்தம்தானா? நாமே சோதித்துப் பார்ப்போம்

(மழைக்காலத்துக்கு முன்பாக நமது அறக்கட்டளை நடத்திய குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று குடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்கு முன்பு நம் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமது மதரஸாவில் ஒரு ஆர்.ஓ. எந்திரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். சகோதரர் ஒருவர் காலமான தம் தாயாரின் பெயரால் ஸதகா ஜாரியாவாக வாங்கித் தந்தது. அதை மாட்டிய நாளில் துஆ செய்தோம், எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது, ருசியாக இருக்கிறது. அதுவே போதும் என்று இருந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு மழைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தது. மாம்பழ சீசன் இல்லை, எனவே பழத்தைக் குறை சொல்ல முடியவில்லை. வாசலில் விற்கும் ஐஸைக் குறை சொன்னோம். ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னோம். எந்திரத்தின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் ஒரு தாய்தான், “பாய், அந்த மெஷின் தண்ணிய யாராச்சும் டெஸ்ட் பண்ணீங்களா?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பிறகு சோதித்தோம். குழாயிலிருந்து ஒரு குப்பி, எந்திரத்திலிருந்து நேராக வரும் தண்ணீரில் ஒரு குப்பி, பிள்ளைகள் குடிக்கும் எவர்சில்வர் டேங்கின் குழாயிலிருந்து ஒரு குப்பி. குழாய்த் தண்ணீர் நிறம் மாறவில்லை. எந்திரத் தண்ணீரும் மாறவில்லை. டேங்கில் பிடித்த தண்ணீர் மட்டும் இரண்டாம் நாள் காலையில் கறுத்துப்போயிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பாசி. மாட்டிய நாளிலிருந்து அந்த மூடியை ஒருவரும் திறந்திருக்கவில்லை.

தந்த சகோதரரிடம் சொல்லத்தான் எங்களுக்கு நா எழவில்லை. சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கம்மா பேருக்கு வெச்ச தண்ணி பாய் அது. நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்” என்றார். கோபமாகத் திட்டியிருந்தால்கூட தேவலை. அந்த வார்த்தைதான் இன்று இந்த உரையாக வந்திருக்கிறது.

நிறம், மணம், சுவை

நாம் எல்லோரும் சிறு வயதில் மதரஸாவில் படித்திருக்கிறோம். தண்ணீரின் சுத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது நிறம், மணம், சுவை என்ற மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள். அது ஒளுவுக்கும் குளிப்புக்குமான சட்டம். கடல் நீரில்கூட ஒளு செய்யலாம், ஆனால் கடல் நீரைக் குடிக்க முடியாது. ஆக, ஒளுவுக்குச் சுத்தம் என்பதும் குடிக்கச் சுத்தம் என்பதும் ஒன்றல்ல. நோய்க் கிருமிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் கிடையாது.

1854-ல் லண்டனில் காலரா பரவியது. பிராட் தெரு என்ற இடத்திலிருந்த ஒரு கைப்பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்தார். அந்தத் தெருவை விட்டுத் தொலைவில் ஹாம்ஸ்டெட் என்ற பகுதிக்குக் குடிபோயிருந்த ஒரு மூதாட்டி, அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதை அங்கிருந்து வரவழைத்துக் குடித்துவந்தார். அந்த ஊரில் வேறு யாருக்கும் நோய் இல்லை, அவர் மட்டும் காலராவில் இறந்தார். ருசியை நம்பியதற்கு அவர் தந்த விலை அது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், பல்லாவரம் பகுதியில், 2024 டிசம்பரில் வாந்தி பேதியால் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீர்தான் காரணமா, இல்லையா என்று பெரிய விவாதம் நடந்தது. கண்ணால் பார்த்து அதை யாராலும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீரை மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிரச்சினை வந்த பிறகு செய்யும் அந்தச் சோதனையை, வருவதற்கு முன்னால் நாம் வீட்டில் செய்யக் கூடாதா?

நம் கடற்கரையின் தண்ணீர்

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நம் கரை முழுவதும் மணல். மழை நீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. பாலின் மேல் ஆடை நிற்பதைப் போல. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு உப்பை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால், கீழேயிருந்து உப்பு மேலேறி வரும். நம் பாட்டிமார் காலத்தில் இனித்த கிணறுகள் இன்று கரிப்பதற்குக் காரணம் இதுதான். 2004 சுனாமியிலும் கரையோரக் கிணறுகள் பல உப்பேறின.

இதனால்தான் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. வந்தது. நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில் தொடங்கியது, 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொரு நிலையமும் சேர்ந்தது. உங்கள் சமையலறை எந்திரத்தின் சவ்வும் அந்தப் பெரிய நிலையத்தின் சவ்வும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. மிக நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளி உப்பைப் பின்னால் நிறுத்துகின்றன. ஆனால் அங்கே தண்ணீரின் தரத்தை அளப்பதே வேலையாக ஆட்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் அந்த வேலைக்கு யார்? நாம்தான்.

செங்கல்பட்டு நகரப் பக்கம் பாலாற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் குழாய்த் தண்ணீரில் உப்பு குறைவாக இருந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லாமலும் போகலாம். கொதிக்க வைத்தாலோ யு.வி. விளக்கு எந்திரம் வைத்தாலோ போதும். அளந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும், வாங்கிவிட்டு அளக்கக் கூடாது.

முதல் சோதனை: உப்பு

இதற்குப் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை, அதில் மின்சாரம் பாயும் அளவை வைத்து இது கணக்கிடுகிறது. மீட்டர் சரியா என்று பார்க்க, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

எந்திரத்துக்குள் போகும் குழாய்த் தண்ணீரை முதலில் அளந்து எழுதுங்கள். பிறகு எந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெளியே வரும் தண்ணீரை அளந்து எழுதுங்கள். உள்ளே 1500, வெளியே 75 என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உப்பை எந்திரம் நிறுத்துகிறது. அதே 1500-க்கு வெளியே 400 வந்தால் சவ்வு தேய்ந்திருக்கலாம், அல்லது ஓரத்து ரப்பர் கசியலாம்.

வெளியே வரும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சென்ற மாதம் 80, இந்த மாதமும் 80 என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் மழை பெய்து உள்ளே வரும் தண்ணீர் 1500-லிருந்து 500-ஆக இறங்கியிருந்தால், எந்திரம் உப்பை நிறுத்தும் திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் எழுதச் சொல்கிறோம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல எந்திரங்களில் சுவையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால் சவ்வுக்குள் போகாத தண்ணீரும் கொஞ்சம் கலந்து வரும். எண் திடீரென்று ஏறினால், மெக்கானிக் வந்துபோனபோது அந்தத் திருகைத் தொட்டாரா என்று கேளுங்கள். சவ்வை மாற்றும் செலவு மிச்சமாகலாம்.

எவ்வளவு இருந்தால் சரி? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. ஆகவே 600 என்று காட்டினால் விஷம் என்று பயப்பட வேண்டாம். எண் 20-க்கு வந்தால்தான் நல்ல தண்ணீர் என்பதும் தவறு.

டி.டி.எஸ். மீட்டருக்குக் கிருமி தெரியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். எங்கள் மதரஸா டேங்கில் மீட்டரை வைத்தபோது அருமையான எண்தான் காட்டியது. வெறும் யு.வி. எந்திரமும் மெழுகுவர்த்திப் ஃபில்டரும் வைத்திருப்பவர்களுக்கு இந்த மீட்டரால் பயனே இல்லை. அவை உப்பை எடுப்பதில்லை, போகும் எண்ணும் வரும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

வாசலில் காட்டும் வித்தை

ஃபில்டர் விற்க வருபவர்கள் சிலர் ஒரு வித்தை காட்டுவார்கள். இரண்டு தம்ளர், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் எந்திரத் தண்ணீர். ஒரு கருவியின் கம்பிகளை உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டதும் உங்கள் தண்ணீர் பழுப்பாகிச் சாக்கடைபோல் ஆகிவிடும். அவருடையது தெளிவாக நிற்கும். பார்க்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பி இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாய்ந்து இரும்பு கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை. அடுத்த முறை யாராவது வந்தால் அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

இரண்டாம் சோதனை: கிருமி

இதுதான் முக்கியமான சோதனை. 1982-ல் மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் மூவர் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். மலக் கழிவு கலந்த தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும், அது குப்பியிலுள்ள மருந்தைக் கறுப்பாக்கும். எச்2எஸ் குப்பி என்று கேட்டால் கிடைக்கும். தண்ணீரைக் கோடு வரை ஊற்றி மூடி, அறையில் ஓர் ஓரமாக வைத்தால், ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் தெரிந்துவிடும். கறுத்தால் குடிக்கக் கூடாது.

நான்கு குப்பிகள் வையுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் எந்திரத்திலிருந்து நேராகப் பிடித்தது. மூன்றாவதில் நீங்கள் குடிக்கும் குடம் அல்லது டேங்கிலிருந்து எடுத்தது. நான்காவதில் நன்றாகக் கொதித்து மூடியபடியே ஆறிய தண்ணீர். நான்காவது கறுக்கவே கூடாது. கறுத்தால் நம் கையோ குப்பியோ சுத்தமில்லை என்று பொருள், மறுபடி செய்ய வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாயின் வாயைச் சுத்தமாகத் துடைத்து, கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். குப்பியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது.

முதல் குப்பி மட்டும் கறுத்தால், எந்திரம் தன் வேலையைச் செய்கிறது. இரண்டாவது கறுத்தால் எந்திரத்தில் கோளாறு. யு.வி. விளக்குக்கு ஆயுள் ஏறக்குறைய ஓர் ஆண்டுதான். அதற்குப் பிறகும் நீலமாக எரியும், ஆனால் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்திருக்கும். மூன்றாவது மட்டும் கறுத்தால் குறை எந்திரத்தில் இல்லை, நம் பாத்திரத்தில். எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

அது ஏன் நேர்கிறது தெரியுமா? ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். வழியிலும் தொட்டியிலும் கிருமி வளராமல் அது காவல் காக்கும். எந்திரத்திலுள்ள கார்பன் அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது. வாசனை போய்விடும், காவலும் போய்விடும். பிறகு அந்தத் தண்ணீர் மூடாத பாத்திரத்தில் நின்றால், குழாய்த் தண்ணீரைவிட வேகமாகக் கெடும். இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிச் சென்றது நமக்குத் தெரியும். தெரிந்தும் மூடியைத் திறந்து கழுவாமல் விட்டது எங்கள் குற்றம்.

குப்பிச் சோதனைக்கும் எல்லை உண்டு. அழுகிய முட்டை வாசனை இயல்பாகவே உள்ள போர் தண்ணீரில் கிருமி இல்லாமலும் கறுக்கலாம். எனவே கறுத்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கறுக்காவிட்டால், ரசாயனங்களும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாம் சோதனை: ஆய்வகம்

போர் தண்ணீர் குடிக்கும் வீடுகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, செப்டிக் டேங்க் பக்கத்தில் போர் இருப்பவர்கள். கழிவிலிருந்து நைட்ரேட் என்ற உப்பு இறங்கும். தரத்தின்படி அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பால் பவுடரை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. ஃப்ளோரைடும் அப்படித்தான், அதற்கு உச்ச அளவு 1.5.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்குக் கிண்டி கிங் ஆய்வகமும் இருக்கிறது. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். அதைக் கழுவ வேண்டாம், குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே இருக்கும். பிடித்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

எப்போது செய்வது?

ஆண்டுக்கு மூன்று முறை. ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு முறை, மழை ஓய்ந்து தை மாதத்தில் ஒரு முறை, கத்திரி வெயிலில் ஒரு முறை. வெயிலில் உப்பு ஏறும், மழையில் கிருமி ஏறும். வெள்ளம் சூழ்ந்த வீடுகள் காத்திருக்காமல் உடனே செய்ய வேண்டும், முடிவு தெரியும்வரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். எந்திரத்தின் மேலேயே ஒரு அட்டையை ஒட்டித் தேதி, உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, குப்பி கறுத்ததா என்று எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

கூடவே கழிவுக் குழாயின் கீழ் ஒரு வாளியையும் வையுங்கள். பல எந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாகப் போகிறது. ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் வீண் விரயம் செய்யாதே என்று கற்ற சமுதாயம் நாம். அந்தத் தண்ணீர் தரை கழுவவும் கழிப்பறைக்கும் ஆகும். உப்பு அதிகமென்றால் செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள்.

நமது அறக்கட்டளை என்ன செய்யப்போகிறது?

இன்ஷா அல்லாஹ், இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் மீட்டருடன் நம் தொண்டர்கள் இருப்பார்கள். குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், ஃபில்டர் தண்ணீர் ஒரு பாட்டில், பெயரெழுதிக் கொண்டுவாருங்கள். வாங்க இயலாத குடும்பங்களுக்குக் குப்பிகளைப் பைத்துல்மாலிலிருந்து தருவோம். ஃபில்டர் இல்லாத வீடு என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். நன்றாகக் கொதித்த தண்ணீரும் கழுவி மூடிய குடமும், கவனிக்காத விலையுயர்ந்த எந்திரத்தைவிட மேல்.

மதரஸா டேங்கை இப்போது வாரம் ஒரு முறை கழுவுகிறோம். அட்டையும் ஒட்டியிருக்கிறோம். அந்தச் சகோதரரே மாதம் ஒரு முறை வந்து குப்பி வைத்துவிட்டுப் போகிறார். சென்ற முறை நான்கும் கறுக்கவில்லை. அட்டையில் அதை அவர் கையாலேயே எழுதினார்.

மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிணறு வெட்டுவது, குழாய் வைப்பது, எந்திரம் வாங்கித் தருவது எல்லாம் நன்மையின் தொடக்கம். அதைத் தொடர்ந்து ஓட வைப்பது பின்னால் வரும் நம் கையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பை மறக்காத மனத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.